தையல் மெஷின் கொடுத்தால் கடமை முடிந்துவிடுமா?

ரமளான் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு சுவரொட்டியைத் தவறாமல் பார்க்கலாம். "ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் வழங்கும் விழா". மேடையில் ஜமாஅத் நிர்வாகிகள் அமர்ந்திருப்பார்கள். கீழே பத்துப் பதினைந்து மெஷின்கள் வரிசையாக நிற்கும். துஆ ஓதி, படம் எடுத்து, குழுக்களில் பகிர்ந்துவிட்டால் அந்த ஆண்டின் ஜகாத் கணக்கில் ஒரு பக்கம் நிறைவடைந்துவிடும்.

இந்த நிகழ்ச்சிகளில் துஆ ஓதியவர்களில் நாமும் ஒருவர்தான். ஆகவே இதைக் கேலி செய்யும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் ஒரு மஹல்லாவில் மெஷின் கொடுத்து இரண்டு வருடம் கழித்து அதே வீடுகளுக்குப் போக நேர்ந்தபோது கண்டதை மறைக்கவும் முடியவில்லை. ஒரு வீட்டில் மெஷின் மீது போர்வை போர்த்தி டிவி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அதை விற்றிருந்தார்கள். மூன்றாவது வீட்டுச் சகோதரி சொன்னதுதான் மனதில் நிற்கிறது. "தைக்கத் தெரியும் ஹஜ்ரத், தைக்கிறதுக்குத்தான் துணி வரலை. எல்லாரும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்ட ரெடிமேடையே வாங்குறாங்க."

மெஷின் இருந்தும் பிழைப்பு ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு எம்பிராய்டரி மெஷினின் வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

ஆடையில் நூலால் எழுதுவதும் பூவேலை செய்வதும் நம் நாகரிகத்துக்கு நெருங்கிய கலை. உமய்யாக்கள், அப்பாஸிகள், ஃபாத்திமிகள் காலத்தில் 'திராஸ்' என்ற பெயரில் அரசுப் பட்டறைகளே இருந்தன. கலீஃபாவின் பெயர் பொறித்த துணிகள் அங்கு தயாராயின. ஃபலஸ்தீனப் பெண்கள் தங்கள் பூவேலையைச் சொல்லும் 'தத்ரீஸ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தக் கலையை 2021-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் லக்னோவின் சிக்கன், பரேலியின் ஜர்தோஸி, கஷ்மீரின் ஆரி, ஸோஸ்னி வேலைப்பாடுகள் பெரும்பாலும் முஸ்லிம் கைவினைஞர்களின் கைகளில் வளர்ந்தவை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. நம் பெண்கள் இன்று ரவிக்கைக்கு 'ஆரி ஒர்க்' போடும் அந்தக் கொக்கி ஊசிக்கும் தையல் மெஷினின் பிறப்புக்கும் தொடர்பு இருக்கிறது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் கீழிருந்து நூலை இழுத்துச் சங்கிலித் தையல் போடும் முறை 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பிரான்ஸில் பார்த்தெலமி திமோனியே என்ற ஏழைத் தையல்காரர் அந்தக் கொக்கி ஊசியின் அசைவையே ஒரு மரச்சட்ட இயந்திரத்தில் பொருத்தி 1830-ல் காப்புரிமை பெற்றார். பாரிஸில் 80 மெஷின்களுடன் ராணுவ உடை தைக்கும் பட்டறை தொடங்கியது. மறு ஆண்டே, தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் கூட்டமாக வந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே கடைசியில் வறுமையிலேயே இறந்தார். உடைத்தவர்களும் ஏழைகள், கண்டுபிடித்தவரும் ஏழை. மெஷின் மட்டும் நின்றுவிட்டது.

எம்பிராய்டரிக்கென்றே தனி இயந்திரம் செய்தவர் அல்ஸாஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரைச் சேர்ந்த ஜோஸுவா ஹைல்மன். ஆண்டு 1828. இரு பக்கமும் கூர்மையும் நடுவில் காதும் கொண்ட ஊசிகள் வரிசையாக இருக்கும். தொழிலாளி பெரிதாக வரைந்த படத்தின் கோட்டில் ஒரு முனையை நகர்த்துவார். அதற்கேற்ப துணி கட்டிய சட்டம் சிறிய அளவில் நகரும். எல்லா ஊசிகளும் ஒரே நேரத்தில் ஒரே பூவைப் போடும். இதைப் பிடித்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் சென்ட் காலன் வட்டாரம். 1863-ல் அங்கே ஐஸாக் க்ரோப்லி என்பவர் நீண்ட நூலும் படகு வடிவ ஓடமும் கொண்ட 'ஷிஃப்லி' மெஷினை உருவாக்கினார். ஷிஃப்லி என்றால் அவர்கள் பேச்சில் சின்னப் படகு. அவர் மகன் 1898-ல் துளையிட்ட அட்டையைப் படித்துத் தானாகவே பூ போடும் வகையில் அதை மாற்றினார். இன்று நம் கடைகளில் 'ஷிஃப்லி லேஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

சென்ட் காலன் கதையில் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் கடன் வாங்கி எம்பிராய்டரி மெஷின் வாங்கி வீட்டிலேயே வைத்தன. கணவர் மெஷினை ஓட்ட, மனைவியும் பிள்ளைகளும் ஊசிகளில் நூல் கோத்தார்கள். பள்ளி விட்டு வந்த குழந்தைகள் விளக்கு வெளிச்சத்தில் கோத்த கதைகள் அங்கே ஏராளம். மெஷின் அவர்களுடையது. ஆனால் துணியும் நூலும் டிசைனும் நகரத்து வியாபாரியுடையவை. இடையில் தரகர். பூவில் ஒரு பிழை இருந்தால் கூலியில் பிடித்தம். முதல் உலகப் போருக்கு முன்பு சுவிட்சர்லாந்தின் ஏற்றுமதியில் முதலிடத்தில் இருந்த தொழில் இது. போர் வந்தது, பெண்களின் ஆடை பாணியும் மாறியது, ஆர்டர் நின்றது. 1920-களில் அந்த நாட்டில் மெஷினை உடைத்துப் பழைய இரும்பாக்குபவர்களுக்கு உதவித்தொகையே கொடுத்தார்கள். அப்படி ஆயிரக்கணக்கான மெஷின்கள் உடைக்கப்பட்டன.

நம் மஹல்லாவில் மெஷின் மேல் டிவி வைத்திருந்த வீட்டை இதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மெஷினுக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு, வேலைக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு. டிசைனும் ஆர்டரும் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் லாபம் இருக்கும்.

பிறகு வந்த மாற்றங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். 1964-ல் ஜப்பானின் தஜிமா நிறுவனம் பல தலைகள் கொண்ட தானியங்கி எம்பிராய்டரி மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துளையிட்ட காகித நாடாவைப் படித்து அது வேலை செய்தது. 1980-களில் அந்த நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது. இன்று மெஷினுக்குக் கொடுக்கப்படும் டிசைன் கோப்புகளில் பரவலாக உள்ள 'டிஎஸ்டி' வகை அந்த நிறுவனத்தின் பெயரால் வந்ததுதான். சூரத் நகரில் இத்தகைய மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. நம் வீட்டுத் திருமணப் புடவை, பெண்களின் ஹபாயா, குழந்தைகளின் பெருநாள் குர்தா என்று எதை எடுத்தாலும் அதிலுள்ள பூவேலை பெரும்பாலும் இப்படி ஒரு மெஷினில் போட்டதாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மெஷின் நிமிடத்துக்கு 1000 தையல் போடும். ஐம்பதாயிரம் தையல் கொண்ட ஒரு கழுத்து டிசைனை அது 50 நிமிடத்தில் முடிக்கும். நூல் அறுந்து நிற்கும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இருபது தலை உள்ள மெஷின் என்றால் அதே நேரத்தில் இருபது கழுத்து. இதே அடர்த்தியான வேலையைக் கையால் செய்யும் பெண்ணுக்கு நாட்கணக்கில் ஆகும். இந்தப் பந்தயத்தில் கால்மிதி மெஷினோடு ஒரு விதவைச் சகோதரியை இறக்கிவிட்டு, "உழைத்து முன்னுக்கு வாருங்கள்" என்று நாம் பயான் செய்கிறோம்.

லக்னோவில் இந்தப் பந்தயம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சிக்கன் வேலைப்பாட்டுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் கலைக்கு அந்தப் பாதுகாப்பு. ஆனால் கடைகளில் 'சிக்கன்' என்ற பெயரில் மெஷின் துணி தாராளமாக விற்கிறது. வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். கை வேலையின் 'ஜாலி' துணியை வெட்டாமல், இழைகளை ஊசியால் விலக்கிக் கட்டி உண்டாக்கியது. மெஷினின் துளை வெட்டியோ கரைத்தோ செய்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால், மெஷின் வேலையில் பின்பக்கம் அடிநூல் ஒரே சீராக ஓடியிருக்கும். கை வேலையில் முடிச்சும் நூல் தாண்டிய தடமும் தெரியும்.

லக்னோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் முஸ்லிம் பெண்கள். ஒரு குர்தாவுக்கு இவ்வளவு என்று கூலி. அதைக் கொண்டு வந்து கொடுத்து வாங்கிப் போகும் இடைத்தரகர்களிலும், கடை முதலாளிகளிலும் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. இதைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாக இருக்காது. 1984-ல் லக்னோவில் தொடங்கப்பட்ட 'சேவா' அமைப்பு, தரகரைத் தவிர்த்து இந்தப் பெண்களையே நேரடியாகச் சந்தைக்குக் கொண்டுவர முயன்றது. அதன் அனுபவம் நம் பைத்துல்மால்களுக்கு ஒரு பாடநூலாக இருக்கத் தகுந்தது. அங்கே மெஷினிலிருந்து தொடங்கவில்லை, கூலியிலிருந்தும் விற்பனையிலிருந்தும் தொடங்கினார்கள்.

உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். 'பீஸ் ரேட்' வேலையில் வியர்வை உலர்ந்து, துணி விற்று, அடுத்த பெருநாளும் வந்த பிறகு கூலி கைக்கு வருகிறது என்று சகோதரிகள் சொல்கிறார்கள். ஆரி ஒர்க் எடுத்துச் செய்யும் தமிழகப் பெண்களிடமும் இதே புகார்தான். இப்படி நிறுத்தி வைப்பவர் தொழுகையாளியா இல்லையா என்பது கூலிக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு எந்த வித்தியாசத்தையும் தராது.

ஜகாத் விஷயத்துக்கு வருவோம். இங்கே ஃபிக்ஹ் நூல்கள் நாம் நினைப்பதைவிட விசாலமானவை. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) தமது 'அல்மஜ்மூஉ' நூலில், கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம் என்ற மத்ஹபின் கருத்தைப் பதிவு செய்கிறார்கள். அதன் விலை குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரி. ஆனால் ஒரு நிபந்தனை அதற்குள் இருக்கிறது. அதிலிருந்து வரும் வருமானம் அவருடைய தேவைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். நாம் கொடுக்கும் கருவி வருமானம் தருமா என்று விசாரிப்பது கூடுதல் அக்கறை அல்ல, கொடுப்பதன் அளவுகோலே அதுதான்.

ஹனஃபி மத்ஹபில் வேறு ஒரு நுணுக்கம். ஜகாத் நிறைவேற, பொருளை ஏழைக்குச் சொந்தமாக்கிக் கொடுக்க வேண்டும். இதைத் 'தம்லீக்' என்பார்கள். ஜமாஅத் பெயரில் மெஷின் வாங்கி மண்டபத்தில் வைத்து, "எல்லாரும் வந்து தைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அது நல்ல காரியமாக இருக்கலாம், ஜகாத்தாக ஆகாது. அதேபோல் கடனோ குடும்பச் சுமையோ இல்லாத ஒருவருக்கே நிஸாப் அளவு மொத்தமாகக் கொடுப்பதை அந்த மத்ஹபில் மக்ரூஹ் என்கிறார்கள். சில லட்ச ரூபாய் விலையுள்ள கணினி எம்பிராய்டரி மெஷினைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு மஸ்அலாக்களும் உடனே முன்னால் வந்து நிற்கும். நம் யோசனை இதுதான். தனிநபருக்கான கருவி ஜகாத்திலிருந்து, பொதுவான பெரிய மெஷின் ஸதகா, லில்லாஹ் நிதியிலிருந்தோ வக்ஃபாகவோ. உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டு செய்தால் குழப்பம் வராது.

உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலம் விட்டு, கோடரி வாங்கச் செய்து, விறகு வெட்டி விற்க அனுப்பிய சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. மெஷின் வழங்கும் விழாக்களில் இதைத்தான் ஆதாரமாகச் சொல்வோம். கோடரியோடு கதையை முடித்துவிடுகிறோம் என்பதுதான் நம் குறை. அந்தத் தோழர் 15 நாட்கள் தம் கண்ணில் படாமல் விறகு வெட்டி விற்க வேண்டும் என்று நபியவர்கள் நாள் குறித்தார்கள். அவரும் பத்துத் திர்ஹம் சம்பாதித்து வந்து நின்றார். மதீனாவில் விறகுக்குத் தேவை இருந்தது, தொடர்ந்து விசாரிப்பும் இருந்தது. நம் விழாக்களில் இந்த இரண்டும் இல்லை.

இன்று எம்பிராய்டரித் தொழிலில் தேவை எங்கே இருக்கிறது? டிஜிட்டைசிங் வேலையில். ஒரு படத்தை மெஷினுக்குப் புரியும் தையல்களாக மாற்றுவதுதான் அது. இந்த இதழுக்கு நெருக்கமான சாட்டின் தையல், அந்தப் பரப்புக்கு நிரப்புத் தையல், துணி சுருங்காமலிருக்க அடியில் ஓர் அஸ்திவாரத் தையல், நூல் இழுப்பதால் வடிவம் மெலியும் என்பதால் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் தீர்மானிக்க வேண்டும். மென்பொருள் தானாகச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படிச் செய்தது துணியில் எப்படி வருகிறது என்று மெஷின் ஓட்டுபவரிடம் கேளுங்கள், சிரிப்பார். துணியின் குணமும் கை வேலையும் தெரிந்தவர்தான் நல்ல டிஜிட்டைசர் ஆக முடியும். பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கும், ஆரி தெரிந்த அவர்களின் தாய்மார்களுக்கும் இடையில் இந்தத் தொழில் அழகாக உட்காரும். வீட்டை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லை. தையலை ஆயிரம் ஆயிரமாக எண்ணி விலை சொல்லும் வழக்கம் மெஷின் வேலையில் இருப்பதால், கூலி என்ன என்பதில் மூடுமந்திரமும் குறைவு.

இடையில் ஒன்று. மயில், யானை, மணமகன் மணமகள் முகம் என்று கேட்டு வரும் ஆர்டர்களை எடுக்கலாமா என்று சகோதரிகள் நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். உயிருள்ளவற்றின் உருவத்தைத் தவிர்க்கச் சொல்வதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. கொடி, இலை, பூ, வடிவக் கோலங்கள் என்று நம் முன்னோர்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தே உலகம் வியக்கும் டிசைன்களை உருவாக்கினார்கள். ஹபாயா, துப்பட்டா, முஸல்லா ஆகியவற்றுக்கு அத்தகைய டிசைன்கள்தான் தேவையும்கூட.

அரசுத் திட்டங்களையும் பார்த்துவிட வேண்டும். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. 18 தொழில்களின் பட்டியலில் தையல்காரர் உண்டு, பூவேலைக்காரருக்குத் தனி இடம் இல்லை. கருவிக்கு 15,000 ரூபாயும், 5 சதவீத வட்டியில் கடனும் அதில் உள்ளன. அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்த தமிழக அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 வகைத் தொழில்கள், கடனில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய் என்பது அதன் அமைப்பு. இரண்டிலுமே கடன் பகுதி வட்டியோடுதான் வருகிறது. நம் மக்கள் ஒதுங்கி நிற்பதற்கு அதுவே காரணம். பயிற்சியும் கருவிக்கான உதவியும் கடனிலிருந்து வேறுபட்டவை என்பதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால்கள் இந்த இடத்தில்தான் முன்வர வேண்டும். சிறுபான்மையினர் நலத்துறை வழியாக வழங்கப்படும் தையல் இயந்திரத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஜமாஅத் பணத்தை அதற்குப் பிந்தைய தேவைக்குச் செலவிடலாம்.

இன்னொரு செய்தி. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. அவற்றில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வீட்டிலிருந்தபடி பிறருக்காக வேலை செய்பவர் யார் என்று வரையறுக்கிறது. வரையறை காகிதத்தில் இருக்கிறது, பதிவு இல்லாதவரை அது யாருக்கும் உதவாது. வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழகத்தில் தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் அதில் உதவி உண்டு. உலமாக்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய நாம் எவ்வளவு அலைந்தோம் என்பது நமக்குத் தெரியும். அந்த அலைச்சலில் பாதியையாவது இந்தச் சகோதரிகளுக்காகச் செய்யலாமே. பள்ளிவாசல் அலுவலகத்தில் வாரம் ஒரு நாள், விவரம் தெரிந்த ஓர் இளைஞரும் ஒரு கணினியும் போதும்.

கையும் மெஷினும் சண்டையிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. கஅபாவின் கிஸ்வாவைப் பாருங்கள். கறுப்புப் பட்டு, இயந்திரத் தறியில் நெய்யப்படுகிறது. துண்டுகளை இணைக்க 16 மீட்டர் நீளமுள்ள கணினி வழித் தையல் மெஷின் இருக்கிறது. ஆனால் தங்க, வெள்ளி இழைகளால் திருவசனங்களைப் பொறிக்கும் வேலை இன்றும் கைகளால்தான். அவற்றை எம்பிராய்டரி மெஷினில் போடப் பணமில்லாமல் அல்ல. 1927-ல், ஹிஜ்ரி 1346-ல், மக்காவிலேயே கிஸ்வா தயாரிக்கத் தொழிற்கூடம் தொடங்கியபோது அங்கே வேலைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்தியக் கைவினைஞர்கள் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எதை மெஷினிடம் விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பவராக நம் பெண்கள் இருக்க வேண்டும். இப்போது அந்தத் தீர்மானம் சூரத்திலும் லக்னோ மொத்தக் கடைகளிலும் எடுக்கப்படுகிறது.

மேலே சொன்ன அந்த மஹல்லாவில் சென்ற முறை ஆலோசனைக் கூட்டத்தில் நாம் வைத்த கோரிக்கை சிறியது. இந்த ஆண்டு பத்து மெஷினுக்குப் பதில் நான்கு. மீதிப் பணத்தில் ஆறு பெண்களுக்கு டிஜிட்டைசிங் பயிற்சி. மஹல்லாவிலுள்ள மூன்று துணிக்கடைக்காரர்கள் ஹபாயா, தொழுகைத் துப்பட்டா ஆர்டர்களை ஓராண்டுக்கு அவர்களுக்கே தருவதாகவும், துணி கைக்கு வந்த அன்றே கூலியைக் கொடுப்பதாகவும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு உடனே சம்மதித்துவிட்டார்கள். அன்றே கூலி என்ற வரியில்தான் பேச்சு இன்னும் நிற்கிறது.